நெல் வேடம் போட்ட புல்

அகன்ற இலைக் களையை வயலில் கண்டவுடன் பிடுங்கிவிடலாம். புல்லினக் களை அப்படியல்ல, ஏனெனில் நெல்லும் ஒரு புல்தானே! இரண்டும் போவேசியே குடும்பம்.

நம் நாட்டு வயல்களில் காணப்படும் கோழிச்சூடனை எடுத்துக்கொள்வோம். இளம் பருவத்தில் இது அசல் நெற்பயிர் போலவே இருக்கும். இலைப்பரப்பும் இலைமடலும் சேரும் இடத்தை விலக்கிப் பார்த்தால் மட்டும் குட்டு வெளிப்படும். நெல்லில் அங்கே வெள்ளைச் சவ்வு போன்ற சிறுநாவும் இரண்டு செவிகளும் உண்டு. கோழிச்சூடனில் இரண்டுமே இல்லை.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் மனிதக் கைகளே என்பது எனக்கு மிக வியப்பளித்த செய்தி. கையால் களை பிடுங்கும்போது வித்தியாசமாகத் தெரிந்தவை அகற்றப்பட்டன. நெல்லைப் போல் தோன்றியவை தப்பி விதை கொடுத்தன. தலைமுறை தலைமுறையாக இது தொடர, நெல்லை நடிக்கும் களையினம் தோன்றியது. ரஷ்ய விஞ்ஞானி வவிலோவின் பெயரால் இதனை வவிலோவிய ஒப்புப்போலி என்பர்.

போதாக்குறைக்கு, நெல் சீ3 தாவரம், கோழிச்சூடனோ சீ4 தாவரம். கடும் வெயிலிலும் வெப்பத்திலும் அதன் ஒளித்தொகுப்பே முந்தும். அறுவடைக்கு முன்னரே விதைகளையும் உதிர்த்துவிடும்.

புரோப்பனில் என்ற களைநாசினி இங்கே கைகொடுத்தது. நெல்லில் உள்ள ஒரு நொதியம் அந்நஞ்சை உடைத்துவிடும், கோழிச்சூடனில் அது மிகக் குறைவு. ஆனால் அதே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்ததால் அந்நொதியம் கூடிய செடிகள் மட்டும் பிழைத்தன. 1990களிலேயே இலங்கையில் புரோப்பனிலை எதிர்க்கும் கோழிச்சூடன் பதிவாகிவிட்டது. முன்பு கை செய்த தெரிவை இப்போது மருந்து செய்தது, அவ்வளவுதான்.

இதைவிடக் கொடியது களை நெல். சிங்களத்தில் இதனை 'வல் வீ' என்பர். அம்பாறைப் பக்கம் 1990களில் கவனத்துக்கு வந்த இது, பயிர் நெல்லின் அதே இனம். ஆகவே இதைக் கொல்லும் மருந்து பயிரையும் கொல்லும். நாற்று நடாமல் நேரடியாக விதைக்கும் வயல்களில் இதற்குக் கொண்டாட்டம், ஏனெனில் இரண்டும் ஒன்றாகவே முளைக்கின்றன.

2021இல் இரசாயன உரத்துடன் களைநாசினி இறக்குமதியும் திடீரெனத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. நஞ்சைக் குறைக்க விரும்பியது சரியே. ஆனால் மருந்தை நிறுத்துமுன் மாற்று வழிக்கு வயலைத் தயார்செய்ய அவகாசம் தேவை. உழுது நீர் விட்டுக் களையை முளைக்க வைத்து, மறுபடி உழுது அழித்த பின் விதைக்க வேண்டும். பயிர் நிமிர்ந்ததும் நீரைத் தேக்கி வைக்க வேண்டும். கலப்பற்ற விதைநெல் வேண்டும். வயலுக்கு வயல் செல்லும் அறுவடை இயந்திரத்தையும் இறக்குமுன் கழுவ வேண்டும், அதன் இடுக்குகளில்தான் அடுத்த வயலின் களை ஒளிந்திருக்கிறது.