நீண்ட பெயரும் சிறிய இடமும்

கணினி வகுப்பில் எக்செல் விரிதாளைக் கொண்டு பட்டை வரைபடம் வரையக் கற்றிருக்கிறீர்கள். எண்களை நிரப்பிப் பொத்தானை அழுத்தினால் நொடியில் படம் வந்துவிடுகிறது. ஆனால் பட்டைகளின் கீழே வரவேண்டிய பெயர்கள் நீளமாக இருந்தால் என்ன நேரும்? நம் பள்ளிக் கண்காட்சியில் நேர்ந்த ஒன்றைச் சொல்கிறேன்.

நம் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபச் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன என்பது யாவரும் அறிந்ததே. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டு, குடவோலை முறையில் வாரியங்களுக்கு உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தியை அவை கூறுகின்றன. சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர், பொன் வாரியத்துக்கும் பஞ்சவார வாரியத்துக்கும் தலைக்கு 6 பேர். இந்த ஐந்து எண்களையும் மாணவியர் சிலர் பட்டை வரைபடமாக்கிச் சுவரில் ஒட்டினர்.

ஒவ்வொரு பட்டைக்கும் அவர்கள் இட்ட பெயர், ‘உத்திரமேரூர் சபையின் ஏரி வாரிய உறுப்பினர்கள்’ என்பதுபோல் நீண்டிருந்தது. இடம் போதாமல் கணினி பெயர்களைச் சாய்த்தது. அதுவும் போதாமல் ஒன்றுவிட்டு ஒன்றை விழுங்கிவிட்டது. தோட்ட வாரியமும் பொன் வாரியமும் பெயரின்றி நின்றன. ஏரி வாரியத்தின் பெயரோ இரண்டாம் பட்டையின் அடியிலிருந்து தொடங்கிச் சாய்வாக ஏறி மூன்றாம் பட்டையில் முடிந்தது.

படம் பார்க்க வந்த ஒரு தந்தை ஏரிப் பாசனத்தில் பயிர் செய்பவர். “ஏரிக்கு அப்பவே பன்னெண்டு பேரா, டீச்சர்? இப்ப மதகு அடைக்கக் கூப்பிட்டா ஒருத்தன் வரமாட்டேங்கிறான்!” என்று வியந்தார். அவருடைய மகளும் அந்தப் படத்தை வரைந்தவர்களுள் ஒருத்தி. ஆறு பேர்தான் என்று அவள் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, “அப்படின்னா நீ ஏம்மா பன்னெண்டுன்னு போட்டிருக்கே?” என்றார். எண்ணில் பிழையே இல்லை. ஆயினும் படம் பொய் சொல்லிவிட்டது.

பிறகு வகுப்பில் அனைவரும் கூடி அதனைத் திருத்தினோம். முதலில் பெயரையே குறைத்தோம். ‘உத்திரமேரூர் சபை’, ‘வாரியம்’, ‘உறுப்பினர்கள்’ ஆகிய சொற்கள் ஐந்து பெயரிலும் வருகின்றன. எல்லாவற்றிலும் வரும் சொல் எதையும் பிரித்துக் காட்டாது. அவற்றைப் படத்தின் தலைப்புக்கு ஏற்றிவிட்டால் சம்வத்சரம், தோட்டம், ஏரி, பொன், பஞ்சவாரம் என்பவை மட்டுமே மிஞ்சும். முழுப்பெயரை விரிதாளில் அழிக்க வேண்டியதில்லை. பக்கத்து நிரலில் குறும்பெயரை எழுதி, அந்த நிரலிலிருந்து படத்தை வரையலாம். குடவோலையிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு இருந்தது. ஒரு குடும்பைச் சேர்ந்தவர்களின் பெயரோலைகளை ஒரு கட்டாகக் கட்டி, இன்ன குடும்பு என்று காட்டும் வாயோலையை அதற்குப் பூட்டினார்கள்.

ஒரு மாணவி ‘ச.வா.’, ‘தோ.வா.’ என்று முதலெழுத்துகளாகச் சுருக்கலாமே என்றாள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பார்ப்பவர் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் தேடி ஓடவேண்டிவரும்; அதற்குச் சாய்ந்த பெயரே மேல்.

குறைக்க முடியாத பெயர்களும் உண்டு. ‘வீட்டில் குழாய் இல்லாமல் தெருக்குழாயில் நீர் எடுப்போர்’ என்பதை எப்படிக் குறைப்பது? அப்போது படத்தையே திருப்பிவிட வேண்டும். நிற்கும் பட்டைகளைப் படுக்கவைத்தால் பெயர்கள் இடப்பக்கம் நேர்வரியாக அமையும்; கழுத்தைச் சாய்க்காமல் படிக்கலாம். இது புதிய யுக்தியன்று. வில்லியம் பிளேஃபேர் என்பார் 1786-இல் லண்டனில் வெளியிட்ட நூலில், ஸ்காட்லாந்து 17 இடங்களோடு நடத்திய வாணிகத்தைப் படுக்கைப் பட்டைகளாலேயே காட்டினார். பட்டை வரைபடங்களுள் மிகப் பழையவற்றில் ஒன்று அது. எக்செல்லில் இப்படித் திருப்பும்போது முதல் வரிசை அடியில் போய் நிற்கும். அச்சின் அமைப்பில் வரிசையைத் தலைகீழாக்கும் கட்டளையைத் தேர்ந்தால் மேலே வந்துவிடும். எண்களும் கூடவே மேலே ஏறிக்கொள்ளும், அதனால் குற்றமில்லை.

பெயரை இரண்டு வரியாக்க, கட்டத்துக்குள் வேண்டிய இடத்தில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு என்டர் தட்டுங்கள். சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில்தான் மடக்க வேண்டும். கணினியின் போக்கில் விட்டால் ‘சம்வத்ச’ ஒரு வரியிலும் ‘ரம்’ அடுத்த வரியிலும் விழக்கூடும். சாய்த்த எழுத்தோ தமிழில் இன்னும் தொல்லை. சிறிய அளவில் சாய்ந்தால் ‘கி’யும் ‘கீ’யும் ஒன்றுபோல் தோன்றும், புள்ளி மறைந்தே போகும்.

பெயர்கள் விடுபடாமல் இருக்க, அச்சின் அமைப்பில் பெயர்களுக்கு இடையேயுள்ள இடைவெளியை ‘தானாக’ என்பதிலிருந்து 1 என மாற்றுங்கள். பின்னர்ப் பட்டைகளையும் பெயர்களையும் விரல் வைத்து எண்ணிப் பாருங்கள்.

திருத்திய படத்தைக் கண்காட்சியின் மறுநாள் ஒட்டினோம். ஏரி என்ற பெயருக்கு நேராக 6 என்ற எண் நின்றது. அந்தத் தந்தை மறுபடி வரவில்லை. மகள் அதனைத் தன் கணக்கு நோட்டில் வரைந்து வீட்டுக்கு எடுத்துச் சென்றாள்.