முதற் கமராவும் வில்லைப் பொருத்தமும்

பொருளொன்றை வாங்கப் புகுவோர் அதன் விலையையும் பொலிவையும் முதற்கண் நோக்குதல் உலகியல்பு. ஆயினும், தனித்து நின்று பயன்தரும் பொருள் வேறு. துணையோடு கூடியே பயன்தரும் பொருள் வேறு. மண்வெட்டி முதல் வகையது. உழவு இயந்திரம் இரண்டாம் வகையது. உழவு இயந்திரம் வாங்கும் கமக்காரர், தம்மிடமுள்ள கலப்பையும் பெட்டியும் அதனோடு பூட்டத்தக்கனவோ என்று ஆராயாது பணத்தை எண்ணிக் கொடுப்பதில்லை. இயந்திரம் பழுதுற்றால் மாற்றுவர். கலப்பையோ நெடுநாள் நிலைபெறும்.

வில்லை மாற்றத்தக்க டிஜிற்றல் கமராவும் இவ்விரண்டாம் வகையினதே. கமராவின் உடல் உழவு இயந்திரத்தை ஒப்பது. வழக்கில் லென்ஸ் எனப்படும் வில்லை கலப்பையை ஒப்பது. உடல் சில ஆண்டுகளிற் பழையதாகும்; பேணிய வில்லையோ தந்தையின் கையிலிருந்து மைந்தன் கைக்குச் செல்லும். ஆதலின், முதற் கமராவைத் தெரிபவர் உண்மையில் தெரிவது உடலை அன்று. இனிச் சேர்க்கப்போகும் வில்லைகளின் குடும்பத்தையே. இதனையே ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இப்பொருள் கல்லூரி மலரொன்றுக்கு ஏற்றதோ என வினவுவார் உளராகலாம். ஏற்றதே என்பது எம் துணிபு. 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் வன்னிக் குடும்பங்கள் பல, வீட்டோடும் பொருளோடும் தம் ஒளிப்படங்களையும் இழந்தன. மறைந்த பெற்றோரின் முகத்தைக் காட்டும் படம் ஒன்றேனும் எஞ்சாதார் நம்மிடையே உளர். சென்றதை மீட்க இயலாது. இனி நிகழ்வனவற்றையேனும் பதிந்து பேணும் ஆற்றல் நம் மாணவரிடத்தே வளர்தல் வேண்டும். பிறிதொரு காரணமும் உண்டு. கடல்கடந்து வாழும் பழைய மாணவர், தாம் பயன்படுத்திய வில்லைகளை ஊரிலுள்ள இளைஞர்க்கு அன்புடன் அனுப்புதல் உண்டு. அன்பு பெரிதேயாயினும், அனுப்பிய வில்லை இங்குள்ள உடலோடு பொருந்தாவிடின் அஃது அலமாரியிற் கிடக்கும் கண்ணாடியேயாகும்.

கமராவின் அமைப்பு

எஸ்.எல்.ஆர். என வழங்கும் ஒற்றைவில்லைத் தெறிப்புக் கமராவின் உள்ளே, வில்லைக்குப் பின்னால் ஓர் ஆடி 45 பாகைச் சரிவில் நிற்கும். வில்லை வழியே புகும் ஒளியை அவ்வாடி மேலே தெறிக்கச் செய்ய, அங்குள்ள அரியமொன்று அதனைத் திருப்பிப் படமெடுப்போர் கண்ணுக்கு அனுப்பும். பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலெழும், ஷட்டர் திறக்கும், ஒளி பின்னுள்ள உணரியிற் சென்று படியும். முற்காலத்தில் படச்சுருள் இருந்த இடத்தில் இந்நாளில் உணரி இருக்கின்றது, வேறுபாடு அவ்வளவே. ஆடி எழுந்து தாழ்வதற்கு இடம் வேண்டுமாதலால், வில்லைக்கும் உணரிக்கும் இடையே குறித்ததோர் இடைவெளி எஞ்ஞான்றும் உண்டு. இவ்விடைவெளியை மனத்திற் கொள்க, பின்னர்ப் பயன்படும்.

ஐந்து பொருத்தங்கள்

மணமக்களுக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பது நம் வழக்கம். வில்லைக்கும் உடலுக்கும் ஐந்து பொருத்தம் பார்த்தல் போதும்.

முதலாவது, வாய்ப் பொருத்தம். வில்லையின் அடியும் உடலின் வாயும் ஒன்றிலொன்று பூட்டிக்கொள்ளும் இடத்தை மவுண்ட் என்பர். யாம் பூட்டுவாய் என்போம். ஒவ்வொரு நிறுவனத்தின் பூட்டுவாயும் தனித்தனி வடிவினது. நிக்கோன் நிறுவனத்தின் எஃப் பூட்டுவாய் 1959 இல் தோன்றியது. பென்டாக்ஸின் கே பூட்டுவாய் 1975 இல் தோன்றியது. கெனன் நிறுவனத்தின் ஈ.எஃப். பூட்டுவாய் 1987 இல் தோன்றியது. சிக்மா, டம்ரோன், டொக்கினா முதலிய நிறுவனங்கள் ஒரே வில்லையைப் பல பூட்டுவாய்களுக்கும் தனித்தனியே செய்து விற்கும். ஆதலின் ‘டம்ரோன் வில்லை’ என்று கேட்ட அளவிலே பொருத்தம் அறிதல் இயலாது. எப்பூட்டுவாய்க்கு உரியது என வினவுதல் வேண்டும்.

இரண்டாவது, தூரப் பொருத்தம். பூட்டுவாயிலிருந்து உணரி வரையுள்ள தூரம் நிக்கோனில் 46.5 மில்லிமீற்றர், கெனன் ஈ.எஃப். அமைப்பில் 44 மில்லிமீற்றர். நிக்கோன் வில்லையைக் கெனன் உடலில் இட விரும்பினால், குறையும் 2.5 மில்லிமீற்றரை அடாப்டர் எனப்படும் இடைவளையத்தால் நிரப்பலாம். குவியத்தைக் கையாற் செய்தல் வேண்டும். மறுதலையாகக் கெனன் வில்லையை நிக்கோன் உடலில் இட்டால், வில்லை உணரிக்கு வேண்டிய அளவு அணுகி நிற்க இயலாது. அருகிலுள்ள பூத் தெளிவாகும். இரணைமடுக் குளத்தின் அக்கரை மரங்களோ ஒருகாலும் தெளிவாகா. நீண்ட தூரத்துக்கு அமைந்த வில்லை குறுகிய தூரமுள்ள உடலுக்குச் செல்லும். குறுகிய தூரத்துக்கு அமைந்தது நீண்ட தூரமுள்ள உடலுக்குச் செல்லாது. இதுவே விதி.

மூன்றாவது, வட்டப் பொருத்தம். வில்லை உணரியின்மேல் வட்டமானதோர் ஒளிப்பரப்பை வீழ்த்தும். அவ்வட்டத்துள் உணரி முழுவதும் அடங்குதல் வேண்டும். முழு அளவு உணரி 36 மில்லிமீற்றர் நீளமும் 24 மில்லிமீற்றர் அகலமும் உடையது. மாணவர் பெரும்பாலும் வாங்கும் கமராக்களின் உணரி இதனிற் சிறிது. அதற்கென்றே சிறுவட்ட வில்லைகளும் உள. கெனனில் இவை ஈ.எஃப்.-எஸ். எனப்படும், நிக்கோனில் டி.எக்ஸ். எனப்படும். முழுவட்ட வில்லை சிறிய உணரிக்கும் பயன்படும். ஆயின் ஈ.எஃப்.-எஸ். வில்லை கெனனின் முழு அளவு உடலிற் பூட்டவே பூட்டாது, டி.எக்ஸ். வில்லை நிக்கோனின் முழு அளவு உடலிற் பூட்டும், எனினும் படத்தின் நடுப்பகுதி மட்டுமே பயன்படும்.

நான்காவது, இயக்கப் பொருத்தம். தொடக்கநிலையாளர் பெரிதும் இடறுவது ஈண்டேயாம். குவியத்தைக் கமரா தானே செய்வதற்கு ஒரு மோட்டார் வேண்டும். கெனன் ஈ.எஃப். அமைப்பில் அது வில்லையினுள்ளே இருக்கும். நிக்கோனின் பழைய ஏ.எஃப்., ஏ.எஃப்.-டி வகை வில்லைகளுக்கு மோட்டார் இல்லை. உடலிலுள்ள மோட்டாரே அவற்றைத் திருப்பும். டி90, டி7000, டி7200 முதலிய உடல்களில் அம்மோட்டார் உண்டு. மலிவானவையாதலால் மாணவர் நாடும் டி3000 முதல் டி3500 வரையுள்ள வரிசையிலும், டி5000 வரிசையிலும் அஃது இல்லை. அவற்றுக்கு ஏ.எஃப்.-எஸ். என எழுதிய, மோட்டாருள்ள வில்லைகளே வேண்டும். 2016 இல் வந்த ஏ.எஃப்.-பி வகை மற்றொரு தன்மைத்து: டி3500 போன்ற புதிய உடல்களில் நன்கு தொழிற்படும், டி90, டி7000 போன்ற முந்திய உடல்களிலோ கையாலும் குவியஞ் செய்ய இயலாது.

ஐந்தாவது, அளவைப் பொருத்தம். ஒளியை அளந்து சொல்லும் கருவி உடலினுள் உண்டு. மின்தொடர்பற்ற பழைய நிக்கோன் கைக்குவிய வில்லையை டி7000, டி7100, டி7200 ஆகிய உடல்களில் இட்டு, அதன் குவியத்தூரத்தையும் மிகப் பெரிய துவாரத்தையும் பதிந்துவிட்டால் அளவை நிகழும். டி3500 இல் அளவை நிகழாது. படமெடுப்போரே கணித்தறிதல் வேண்டும். 1977 இற்கு முன் செய்து பின்னர்த் திருத்தப்படாத நிக்கோன் வில்லைகளை வலிந்து பூட்டினால், சில உடல்களின் வாயிலுள்ள சிறு நெம்பு முறிதலும் கூடும். ஆகவே, பழையது என்ற மதிப்பினால் மட்டும் எதனையும் பூட்டற்க.

வாய் ஒத்தல் வேறு, தொழில் ஒத்தல் வேறு என்பது இதனாற் பெறப்படும்.

இரு வழிகள்

இவ்வேறுபாட்டின் காரணத்தை வரலாறு விளக்கும். நிக்கோன் 1959 இல் அமைத்த வாயை மாற்றாது, அதனுள்ளே புதுமைகளைப் படிப்படியாகச் சேர்த்தது. அதனாற் பழைய வில்லைகள் பூட்டத்தக்கனவாக நின்றன; ஆயின் எது எவ்வளவு தொழிற்படும் என்பது உடலுக்கு உடல் வேறுபட்டது. கெனனோ, தன் பழைய எஃப்.டி. வாயை 1987 இல் முற்றாகக் கைவிட்டு, வில்லையின் துவாரமும் குவியமும் மின்னாலேயே இயங்கும் ஈ.எஃப். அமைப்பைப் புகுத்தியது. எஃப்.டி. வில்லைகளைச் சேர்த்து வைத்திருந்தோர் அன்று பெரிதும் வருந்தினர். எனினும் அதன்பின் கெனன் செய்த ஈ.எஃப். வில்லை ஒவ்வொன்றும் அதன் டிஜிற்றல் எஸ்.எல்.ஆர். உடல் அனைத்திலும் தொழிற்படுகின்றது. பிற நிறுவனத்தார் அவ்வாய்க்குச் செய்த பழைய வில்லைகளுட் சில, புதிய உடல்களிற் பிழைக்குறி காட்டி நின்றுவிடும். அவற்றைச் சோதித்தே கொள்ளல் வேண்டும்.

இவ்விரண்டனுள் எது சிறந்தது என்பது வினாவன்று. தெரிந்தெடுத்த வழியின் விதியை அறிந்து செல்லுதலே வேண்டற்பாலது.

தெரியும் முறை

எதனைப் படமெடுக்கப் போகின்றோம் என்பதை முதலிற் தீர்மானித்து, அதற்குரிய வில்லையைக் குறித்துக்கொண்டு, இறுதியில் அவ்வில்லையை முற்றாக இயக்கும் உடலைத் தேடுதல் முறை. பலரும் இவ்வரிசையைத் தலைகீழாக்குவர்.

வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் வைகாசிப் பொங்கல் இரவையும், வீட்டுச் சடங்குகளையும் பதிய விரும்புவார்க்கு மிகுந்த ஒளியை உட்கொள்ளும் வில்லை வேண்டும். கமராவோடு வரும் 18–55 மில்லிமீற்றர் வில்லை அதன் நீண்ட முனையில் எஃப் 5.6 அளவே திறக்கும். எஃப் 1.8 அளவு திறக்கும் 50 மில்லிமீற்றர் வில்லை அதனினும் ஏறத்தாழப் பத்து மடங்கு ஒளியை ஏற்கும். இச்சிறு வில்லையிலும் பொருத்தம் பார்த்தல் வேண்டும். கெனனில் எந்த ஈ.எஃப். 50 மில்லிமீற்றர் வில்லையும் ஆகும். நிக்கோன் டி3500 வைத்திருப்பார், மலிவு கருதி ஏ.எஃப்.-டி வகையை வாங்கினாற் கையாற் குவியஞ் செய்தல் வேண்டும், ஏ.எஃப்.-எஸ். வகையே அவர்க்கு உரியது.

1938 இற் பறவைகள் சரணாலயமாகவும் 2015 இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சுண்டிக்குளத்தின் பூநாரைகளை விழைவார்க்கு நீண்ட குவியத்தூரம் வேண்டும். ஈண்டுச் சிறிய உணரி துணைசெய்யும். 300 மில்லிமீற்றர் வில்லை, நிக்கோனின் சிறிய உணரியில் 450 மில்லிமீற்றருக்கும், கெனனின் சிறிய உணரியில் 480 மில்லிமீற்றருக்கும் ஒப்பான தோற்றத்தைத் தரும்.

பழையது வாங்குங்கால்

நிக்கோன், கெனன் ஆகிய இரு நிறுவனங்களும் 2018 இல் ஆடியில்லாக் கமராக்களுக்கெனப் புதிய பூட்டுவாய்களை அமைத்தன. அதன்பின் தம் முயற்சியைப் பெரிதும் அவற்றிலேயே செலுத்திவருகின்றன. ஆதலின் மாணவர் கைக்கு எட்டும் எஸ்.எல்.ஆர். பெரும்பாலும் ஒருவர் பயன்படுத்திய பழையதாகவே இருக்கும். இஃது இழிவன்று, வில்லை வாங்கப் பணம் எஞ்சுமாதலின் நன்மையே. ஆயினும் உடலின்றி வில்லையையும், வில்லையின்றி உடலையும் வாங்கற்க. இரண்டையும் பூட்டி, அருகிலும் தொலைவிலும் தானே குவியஞ் செய்கின்றதா எனக் காண்க. மிகப் பெரிய துவாரத்திலும் மிகச் சிறிய துவாரத்திலும் படமெடுத்து ஒளி ஒழுங்காக அமைகின்றதா என நோக்குக. வில்லையைக் கழற்றி விளக்கொளியிற் பிடித்து, நூலிழை போன்ற பூஞ்சணம் உளதோ என்று ஆராய்க. மாரிகால ஈரத்தில் அது பரவும். வாங்கிய பின்னரும் காற்றுப் புகாத பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வைத்தல் நன்று. கோடையின் செம்புழுதியில் வில்லையை மாற்ற நேரின், உடலின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து விரைந்து மாற்றுக.

நாளைய வழி

இன்று சேர்க்கும் வில்லை நாளை ஆடியில்லாக் கமராவிற் பயன்படுமோ? தூரப் பொருத்தத்தின் விதியே விடை கூறும். ஆடியில்லாமையால் அவற்றின் இடைவெளி மிகக் குறுகியது: நிக்கோன் இசட் அமைப்பில் 16 மில்லிமீற்றர், கெனன் ஆர்.எஃப். அமைப்பில் 20 மில்லிமீற்றர். ஆகவே எஸ்.எல்.ஆர். வில்லைகள் இடைவளையத்தோடு அவற்றிற்குச் செல்லும். கெனனின் ஈ.எஃப்., ஈ.எஃப்.-எஸ். வில்லைகள் அவ்வாறே தொழிற்படும். நிக்கோனில் ஏ.எஃப்.-எஸ்., ஏ.எஃப்.-பி வகைகள் தாமே குவியஞ் செய்யும், ஏ.எஃப்.-டி வகை, எஃப்.டி.இசட். என்னும் நிக்கோன் இடைவளையத்திற் செய்யாது. மறுதலையாக, ஆடியில்லாக் கமராவின் வில்லை எஸ்.எல்.ஆர். உடலுக்கு ஒருவாற்றானும் உதவாது. எனவே, மோட்டார் தன்னுள்ளே உடைய வில்லையைத் தேர்வார் இன்றும் இழப்பதில்லை, நாளையும் இழப்பதில்லை.

கடல்கடந்து வாழும் அன்பர்கட்கு ஒன்று கூறுவோம். வில்லையைப் பொதிசெய்யுமுன், பெறுபவரிடம் உள்ள உடலின் பெயரையும் எண்ணையும் கேட்டறிக. வில்லையின் கழுத்திற் பொறித்துள்ள எழுத்துகள் அனைத்தையும், அதன் அடிப்புறத்தையும் படமெடுத்து அனுப்பி, ஐந்து பொருத்தமும் ஒத்தபின் அனுப்புக. மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். எண்ணிக்கை பெருக்குதல் வேண்டா. ஓர் உடலும் அதனோடு முற்றாக ஒத்த இரண்டு வில்லைகளும் ஓர் ஊரின் விழாவையும் வாழ்வையும் பதிதற்குப் போதும். எடுத்த படங்களை இரண்டிடத்திற் சேமித்து, சிலவற்றையேனும் தாளிற் பதிப்பித்து உரியோர் கையிற் கொடுங்கள். முகங்களை இழந்த மண்ணில் முகங்களைப் பேணுதல் நற்றொண்டாகும்.