இணையத்தைக் கட்டுப்படுத்துவது யார்?

மாணவர்களே, "இணையத்தின் மீது அரசு கட்டுப்பாடு விதிப்பது பொருத்தமானதா? ஆராய்க" என்ற வகை வினாவுக்கான விடைகளைத் திருத்தும்போது ஒரே குறையையே காண்கிறேன். நன்மை நான்கு, தீமை நான்கு என எழுதி நிறுத்திவிடுகிறீர்கள். உதாரணம் இல்லை. எமது நாட்டிலேயே போதிய உதாரணங்கள் உண்டு. அவற்றை ஆண்டுடன் மனதிற் பதித்துக்கொள்ளுங்கள்.

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தின் திகன, தெல்தெனிய பகுதிகளில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை மூண்டபோது பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் என்பன ஏறத்தாழ ஒரு வாரம் முடக்கப்பட்டன. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலின் பின்னரும் அவ்வாறே நடந்தது. வதந்தியைத் தடுப்பதே கூறப்பட்ட காரணம். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி நடந்ததோ வேறு. பொருளாதார நெருக்கடிக்கு எதிராக மக்கள் ஆர்ப்பாட்டத்துக்குத் தயாரான நாளில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. அன்றே மீளத் திறக்கப்பட்டன. உயிரைக் காக்க எனப் பயன்படுத்திய அதே பூட்டு, எதிர்ப்புக் குரலுக்கும் பூட்டாயிற்று. விடையில் இந்த ஒப்பீட்டைக் கட்டாயம் எழுதுங்கள்.

முடக்கம் எவ்வாறு நிகழ்கிறது? தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு பணித்ததும், இணைய சேவை வழங்குநர்கள் அத்தளங்களுக்குச் செல்லும் வழியை அடைப்பர். ஆனால் வி.பி.என். மென்பொருள் வேறு நாட்டிலுள்ள சேவையகம் ஊடாகச் சுற்றி அழைத்துச் செல்லும். படலை பூட்டியிருக்க வேலி பாய்ந்தவர்கள் அன்று ஏராளம்.

இனிச் சட்டம். அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை அளிக்கிறது. 15 ஆம் உறுப்புரை தேசிய பாதுகாப்பு, இன, மத இணக்கம் போன்ற காரணங்களுக்காக அதனைச் சட்டத்தால் மட்டுப்படுத்த இடமளிக்கிறது. 2024 ஜனவரி 24 இல் 108 இற்கு 62 வாக்குகளால் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், பொய்யான கூற்றுகளுக்கு எதிராகப் பணிப்புரை வழங்கும் அதிகாரத்தை ஐவர் கொண்ட ஆணைக்குழுவுக்கு அளித்தது. எது பொய் என்பதை நீதிமன்றமன்றி ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கலாமா என்பதே எதிர்த்தோரின் பிரதான கேள்வி. எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

அதற்காக நிறுவனங்களிடமே பொறுப்பை விட்டுவிடலாம் என்றும் எழுதிவிடாதீர்கள். 2018 வன்முறையில் தனது தளம் பயன்பட்டமைக்காகப் பேஸ்புக் 2020 இல் மன்னிப்புக் கோரியது. அதற்கு இரண்டு ஆண்டுகள் எடுத்தன!

இன்னொரு போக்கும் வளர்கிறது. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல், 16 வயதுக்குக் குறைந்தோர் பிரதான சமூக ஊடகங்களிற் கணக்கு வைத்திருக்க முடியாது. தண்டப்பணம் பிள்ளைக்கன்று, நிறுவனத்துக்கே.

பயிற்சி வினா: இத்தகைய வயதெல்லை இலங்கைக்குப் பொருத்தமானதா? உமது கருத்தை இரு காரணங்களுடனும் ஓர் உதாரணத்துடனும் விளக்குக.