அழியாத ஆனந்தம் எது? திருவாய்மொழி நான்காம் பத்தின் தொடக்கத்திலிருந்து

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

"நாள்தோறும் திருவாராதனம் செய்கிறோம், திருப்பாவையும் கோயில் திருவாய்மொழியும் அநுஸந்திக்கிறோம், ஏகாதசி தவறுவதில்லை. ஆயினும் உள்ளத்தில் மகிழ்ச்சி நிலைப்பதில்லையே, எங்கள் பக்தியில் குறையுள்ளதோ?" என்று அடியார்கள் பலர் கேட்பதுண்டு. கடல் கடந்த ஊர்களில், விடியற்காலையில் தளிகை ஸமர்ப்பித்துவிட்டு அலுவலகத்திற்கு ஓடும் பாகவதர்களிடம் இக்கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. நம்பினால் துன்பம் தீரும் என்று சொல்லி இதனைக் கடந்துவிட நமக்கு இயலாது. ப்ரபந்நஜநகூடஸ்தராகிய நம்மாழ்வாரே எத்தனை பாசுரங்களில் கண்ணீர் பெருக்கியிருக்கிறார்! அவருடைய பக்தியில் குறை காண்பார் எவருமில்லை. ஆகையால் விடையையும் அவரிடமே தேடுவது முறை. நான்காம் பத்தின் முதல் மூன்று திருவாய்மொழிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஸேவித்தால் அது கிடைக்கிறது.

முதல் திருவாய்மொழி, "ஒரு நாயகம்" என்று தொடங்குவது. உலகம் முழுவதையும் தனியொருவனாக ஆண்ட அரசன் ஒருவனை ஆழ்வார் காட்டுகிறார். அடுத்த அடியிலேயே அவன் கையில் உடைந்த பானை இருக்கிறது. காலை நாய் கடித்திருக்கிறது. அந்த நாய்க்கு ஆழ்வார் இட்ட அடைமொழிக்குக் கருநிறமுடையது என்றும், குட்டி ஈன்றது என்றும் பொருள் கொள்வர். கரிய நாயாயின் இருளில் கண்ணுக்குப் புலப்படாது. பகலில் பிச்சைக்குப் புறப்பட நாணியவன் இரவில் சென்று அதனை மிதித்தான் போலும். ஈன்ற நாயாயின் அணுகியவரைக் கடியாமல் விடாது. எவ்வாறாயினும், நேற்றுவரை படைகள் காத்த கால் அது. இந்த வீழ்ச்சி மறுபிறவிக்கு ஒத்திவைக்கப்படவில்லை. இப்பிறவியிலேயே, நாடு முழுதும் பார்த்து நிற்க நேர்கிறது என்கிறார் ஆழ்வார்.

ஏழாம் பாசுரம் இதனினும் நுட்பமானது. அறுசுவை உணவை வயிறு நிறைய உண்டு முடித்தவன், இன்மொழி பேசும் மகளிர் வேண்டிக்கொண்டதற்காக மேலும் சில கவளம் உண்கிறான். பின்னொரு நாள் அவனே ஒரு பிடி சோறு கேட்டு வாசல்தோறும் இடறித் திரிகிறான். பசியே இல்லாதபோது பிறர் கெஞ்ச உண்டவன், பசித்தபோது தான் கெஞ்சுகிறான்! செல்வம் நிலையாது என்று பலர் பாடியிருக்கலாம்; அந்தக் கடைசிக் கவளத்தைக் கண்டவர் ஆழ்வார்.

இங்கே தைத்திரீய உபநிஷத்தின் ஆநந்தவல்லி நினைவுக்கு வருகிறது. ப்ரஹ்மத்தின் ஆனந்தத்தை அளக்கப் புகுந்த வேதம், முதலில் ஓர் அளவுகோலை எடுத்துக்கொள்கிறது. நல்லவனாய், கற்றவனாய், உடல் வலிமை மிக்கவனாய் உள்ள ஓர் இளைஞன். செல்வம் நிறைந்த பூமி முழுவதும் அவனுடையது. அவனுடைய மகிழ்ச்சியே மனித ஆனந்தத்தின் ஓர் அளவு. அதனை 10 முறை, முறைக்கு நூறு மடங்காகப் பெருக்கி, கந்தர்வர், பித்ருக்கள், தேவர், இந்திரன், ப்ருஹஸ்பதி, ப்ரஜாபதி என ஏறி, நான்முகனளவும் சென்று, அதற்கப்பால் வாக்கும் மனமும் எட்டாமல் மீள்கின்றன என்கிறது. வேதம் அளவுகோலாகக் கொண்ட அதே மன்னனைத்தான் ஆழ்வார் உடைந்த பானையுடன் தெருவில் நிறுத்துகிறார் என்று நமக்குத் தோன்றுகிறது. மேலே செல்லும் படிகளும் அவருக்கு உகப்பல்ல. ஒன்பதாம் பாசுரத்தில், புலன்களை வென்று ஸ்வர்க்கம் புகுந்தவரும் அவனைப் பற்றாவிடில் திரும்பி வருவர் என்கிறார்.

பத்தாம் பாசுரம் கைவல்யத்தைப் பற்றியது. அனைத்தையும் துறந்து தன் ஆத்மாவையே அநுபவித்திருக்கும் நிலை அது. அங்கே பசியில்லை, பிச்சையில்லை, நாயுமில்லை. ஆயினும் ஆழ்வார் அதனை விரும்பவில்லை. அங்கே அவன் இல்லை என்பதே காரணம். இந்நாளில் பலரும் மனஅமைதி என்று தேடுவது ஏறக்குறைய இதன் சிறு நிழலே. நோவில்லாத நிலை வேறு, ஆனந்தம் வேறு. மேற்சொன்ன கேள்வியைக் கேட்கும் அடியார்களிற் சிலர், திருவாராதனத்தின் பயனாகத் தாம் எதிர்பார்ப்பது இந்த அமைதியைத்தானோ என்று சற்று ஆராய்ந்து பார்க்கலாம்.

இவ்வளவு உறுதியாக உபதேசித்தவர் அடுத்த திருவாய்மொழியில் ஆனந்தத்தில் திளைத்திருக்க வேண்டுமல்லவா? அங்கேதான் நாம் திகைக்கிறோம். அடுத்தது தாய் வார்த்தை. ஆழ்வார் பராங்குச நாயகியாகி மயங்கிக் கிடக்க, அவள் தாய் புலம்புகிறாள். பெண் வேண்டுவது எம்பெருமான் திருவடிகளில் சாற்றிய திருத்துழாய். அதுவும் எந்தத் திருவடி? ஆலிலையில் துயின்றவன் திருவடி, குரவை கோத்தவன் திருவடி, உலகளந்தவன் திருவடி. என்றோ நடந்தேறிய அவதாரங்களில் சாற்றிய துளசியை இன்று கொண்டுவரச் சொல்கிறாள்! தாய் எங்கே போவாள்? உபதேசம் பொய்த்துவிட்டதோ என்றால், இல்லை. மற்றவை அற்பம் என்று உலகத்தாருக்குச் சொன்ன சொல் அவர் தம் நெஞ்சிலேயே திரும்பப் பாய்ந்து, அவனையன்றி ஒரு கணமும் தரியாத நிலையை விளைத்தது. அரசிழந்தவன் அழுகையும் இவள் அழுகையும் ஒன்றல்ல. அவன் இழந்தது அவனுக்கு மீளாது. இவள் வேண்டுவதைத் தரக்கூடியவனோ அவ்வழுகையைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

கேட்டவன் வந்துவிடுகிறான். மூன்றாம் திருவாய்மொழியில் ஆழ்வாருடைய நெஞ்சம் எம்பெருமானுக்குப் பூசும் சந்தனமாகிறது. அவர் பாடிய சொல்மாலையே அவன் சூடும் மாலையும் உடுக்கும் பட்டாடையுமாகிறது. அவர் கைகூப்பிய செய்கையே அவனுக்கு அணிகலன். முன்பு திருத்துழாயைக் கேட்டது இவர். இப்போது இவரையே அவன் சாற்றிக்கொள்கிறான். இரண்டாம் பத்தின் எம்மா வீட்டில் ஆழ்வார் இதனைத்தான் வேண்டியிருந்தார். மோக்ஷம் கொடு என்றும் கேளாமல், உனக்கே உரியவனாக என்னைக் கொள் என்று மட்டும் கேட்டார்.

சந்தனம் யாருக்காக? பூசிக்கொள்பவனுக்காக. சேஷத்வம் என்று நம் ஆசார்யர்கள் வகுத்த ஸ்வரூபம் இதுவே. நம் மகிழ்ச்சிக்கு நாமே நிலைக்களமாயின், நம் உடல்நலமும் பதவியும் மனநிலையும் மாறும்போதெல்லாம் அதுவும் மாறும். அவனுடைய உகப்பே நிலைக்களமாயின், நமது தாழ்ந்த நாட்களிலும் அது அங்கே இருக்கிறது. காலையில் அவசரமாகச் சாற்றிய ஒரு துளசி தளத்தை அவன் உகந்தானாகில், அன்று மாலை நம் மனம் சோர்ந்திருந்தது என்பதனால் அவ்வுகப்பு குறைந்துவிடுவதில்லை.

ஆனால் சந்தனத்திற்கு அறிவில்லை, நமக்கு உண்டு. நம் பங்குக்கு ஆனந்தமே இல்லையா என்று கேட்கலாம். இதற்குச் சேர மன்னராகிய குலசேகராழ்வார் விடையாகிறார். பெருமாள் திருமொழியின் நான்காம் திருமொழியில், அரசும் ஸ்வர்க்கபோகமும் வேண்டாமென்று தள்ளி, திருவேங்கடத்தில் குருகாக, மீனாக, பொன்வட்டில் ஏந்துபவராக, செண்பக மரமாக, காட்டாறாக ஆக வேண்டுகிறார். பறவை பறந்துவிடலாம், ஆறு வற்றிவிடலாம் என்று எண்ணினாரோ என்னவோ, ஒன்பதாம் பாசுரத்தில் பலரும் ஏறி மிதிக்கும் படியாகக் கிடக்க ஆசைப்படுகிறார். கர்ப்பக்ருஹத்தின் வாசற்படியைக் குலசேகரன் படி என்றே இன்றும் வழங்குகிறோம். கல்லாகிய படி எதையும் காணாது. இவரோ படியாகக் கிடந்தும் பெருமானுடைய பவளம் போன்ற திருவாயைக் காண வேண்டும் என்கிறார். தனக்கென்று ஒன்றில்லாமல் கிடப்பது அசித்தைப் போல. அவன் முகமலர்த்தியைக் கண்டு உகப்பது சேதநனுக்கே உரியது. இரண்டும் அந்த ஒரு படியில் கூடியிருக்கின்றன.

பத்தாம் பாசுரத்தில் அப்படியையும் விட்டுவிடுகிறார். அம்மலையின்மேல் ஏதேனும் ஒன்றாக இருந்தால் போதும் என்கிறார். எதுவாக என்று அவர் கேட்கவில்லை.