லீவுக்கு என்ன பரிசு கேட்கலாம்?

அரையாண்டுப் பரீட்சை முடிந்து கிறிஸ்துமஸ் லீவு தொடங்கப் போகிறது என்றால், திருவனந்தபுரம் கரமனையில் என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் கையில் ஒரு பட்டியல் இருக்கும். எங்கள் ஊரில் பரிசுக்குப் பஞ்சமில்லை. ஓணத்துக்கு ஓணக்கோடி, தீபாவளிக்குப் புதுத்துணி, விஷுவுக்குக் கைநீட்டம் என்று வருஷம் முழுவதும் ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும். ஆனால் டிசம்பர் லீவில்தான் வளைகுடாவிலிருந்து மாமாவும் சித்தப்பாவும் வருவார்கள். வருவதற்கு ஒரு மாதம் முன்பே, "என்ன வேணும்னு எழுதி அனுப்பு" என்று செய்தி வந்துவிடும். பிள்ளை தன் விருப்பத்தைத் தானே எழுத்தில் வைக்கிற சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

இந்த முறை ஒன்பது பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்தேன். ஆறு பேர் முதல் வரியில் டெலஸ்கோப் என்று எழுதியிருந்தார்கள். வானத்தில் ஒரு நட்சத்திரத்தையாவது பெயர் சொல்லிக் காட்டத் தெரியுமா என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. "அப்பா அதத்தான் எழுதச் சொன்னாங்க சார்" என்றான் ஒருவன். அவனுடைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் பஸ் பஸ்ஸாக வரைந்திருப்பான். கே.எஸ்.ஆர்.டி.சி. பஸ்ஸின் முன்பக்கக் கம்பி, ஜன்னல் ஷட்டர், படியில் தொங்கும் ஆளின் செருப்பு வரை அதில் இருக்கும். அவன் பட்டியலில் டெலஸ்கோப், ரோபோ கிட், டேப்லெட் என்று மூன்று இருந்தன. வரைவதற்கென்று ஒரு பென்சில்கூட இல்லை. ஏன் என்றேன். "அதெல்லாம் போய்க் கேப்பாங்களா சார்?" என்றான். அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது.

கேட்கக்கூடியவற்றில் பல நமக்குத் தெரிந்தவைதான். புத்தகம் கேட்பவன் கேட்கட்டும், அதில் தவறிப்போக வழியில்லை. அதோடு பாளையத்தில் உள்ள மாநில மத்திய நூலகத்தில் உறுப்பினராக்கச் சொல்லியும் எழுதலாம். திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1829-ல் தொடங்கிய நூலகம் அது. பத்துப் புத்தகம் வாங்கும் காசில் வருஷக்கணக்காகப் படிக்கலாம். சைக்கிள் கேட்பது நல்ல ஆசை, வீட்டைச் சுற்றி ஓட்ட இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். செஸ் போர்டு, கேரம் போர்டு, ஷட்டில் பேட் எல்லாம், கூட விளையாட ஆள் இருந்தால் நல்ல பரிசு. கீபோர்டும் கிட்டாரும் சொல்லிக்கொடுக்க ஆள் கிடைத்த பிறகு வாங்க வேண்டியவை. 1939-ல் தொடங்கிய சங்கீதக் கல்லூரி இருக்கும் ஊரில் வாத்தியாருக்குக் குறைவில்லை. முதலில் வாத்தியார், பிறகு வாத்தியம். ரோபோ கிட் வாங்கினால், பெட்டியோடு வரும் மாடலைச் செய்து முடித்ததும் வேலை முடிந்துவிடும். அதைப் பிரித்து வேறொன்று செய்யத் தோன்றுகிற பிள்ளைக்கு மட்டும் அது பயன்படும். செல்போன் பரிசு இல்லை, அது வீட்டுச் செலவு. அதைப் பற்றிப் பெற்றோரே முடிவு செய்யட்டும்.

இனி டெலஸ்கோப். இதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்த ஊரில் அந்த ஆசை வருவதற்குக் காரணம் உண்டு. 1963 நவம்பர் 21 அன்று தும்பாக் கடற்கரையிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அங்கே மரிய மக்தலேனாள் தேவாலயத்தில்தான் ஆரம்பகால வேலைகள் நடந்தன. அந்தக் கட்டடம் இன்று விண்வெளி மியூசியம். தெருவுக்கு ஒரு வீட்டிலாவது வி.எஸ்.எஸ்.சி. என்கிற விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில் வேலை பார்த்தவர் இருப்பார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியதிலிருந்து, பிள்ளை விஞ்ஞானி ஆக வேண்டும் என்ற ஆசை இங்கே இரண்டு மடங்காகிவிட்டது. பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் என்று நாலு பேருக்குக் காட்டும் சாமானாக டெலஸ்கோப்பும் ஆகிவிட்டது.

பரிசாக வருவது பெரும்பாலும் எழுபது மில்லிமீட்டர் லென்ஸ் வைத்த சின்னக் குழாய். பெட்டியில் 525 மடங்கு என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். கணக்கு சரிதான். குழாயின் குவியத்தூரம் 700 மில்லிமீட்டர், கண் வைக்கும் லென்ஸான ஐபீஸ் 4 மில்லிமீட்டர், வகுத்தால் 175. அதோடு மூன்று மடங்கு பார்லோ லென்ஸைச் சேர்த்தால் 525. ஆனால் ஒரு டெலஸ்கோப் எவ்வளவு தெளிவாகக் காட்டும் என்பது அதன் முன் லென்ஸின் அகலத்தைப் பொறுத்தது. மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பது பொதுவான எல்லை. எழுபது மில்லிமீட்டருக்கு 140 மடங்கு. அதற்கு மேல் போனால் உருவம் பெரிதாகும், மங்கும், புதிதாக ஒன்றும் தெரியாது. தாங்கி நிற்கும் மூன்றுகாலியோ கை பட்டாலே ஆடும். குழாயில் ஓர் ஆட்டம் என்றால் கண்ணில் 525 ஆட்டம்.

மூன்று வருஷத்துக்கு முன் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு இப்படி ஒன்று வந்தது. அவன் வீட்டு மொட்டை மாடியில் நானும் கூட நின்றேன். நிலாவைக் குறைந்த மடங்கில் பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. அவனுக்கு அது போதவில்லை; பெட்டிமேல் அச்சடித்திருந்த கிரகப் படம் வேண்டும். சின்ன ஐபீஸையும் பார்லோவையும் மாட்டி வியாழனைத் தேடினான். கிடைக்க இருபது நிமிஷம் ஆயிற்று. கிடைத்தது, ஓரம் ஆரஞ்சும் நீலமுமாக நடுங்குகிற ஒரு திட்டு. பூமி சுற்றுவதால் அவ்வளவு பெரிய மடங்கில் எந்தக் கிரகமும் அரை நிமிஷத்துக்குள் பார்வையை விட்டு ஓடிவிடும். தங்கையைக் கூப்பிட்டு அவள் குனிந்து பார்ப்பதற்குள் அது போய்விட்டது. நாலு ராத்திரி இப்படியே போயிற்று. ஐந்தாம் நாள் டெலஸ்கோப் அலமாரி மேலே ஏறியது. இடவப்பாதி மழை முடிந்து எடுத்துப் பார்த்தால் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். நம் கடற்கரை ஈரத்துக்குக் கண்ணாடியை மூடி வைத்தால் அதுதான் நடக்கும்.

கெட்டுப்போனது கண்ணாடி மட்டும் என்றால் நான் வருத்தப்பட்டிருக்க மாட்டேன். அந்தப் பையன் என்னிடம் சொன்னான்: "மத்தவங்களுக்கெல்லாம் தெரியுது, எனக்குத்தான் தெரியல. எனக்கு சயின்ஸ் வராது சார்." சாமான் சரியில்லை என்று அவனுக்குத் தோன்றவில்லை, தான் சரியில்லை என்றுதான் தோன்றியது. பொருந்தாத பரிசு இப்படித்தான் பிள்ளையைத் தன்மேலேயே நம்பிக்கை இழக்க வைக்கும்.

நம் ஊருக்கே உரிய தடைகளும் உண்டு. இடவப்பாதி, துலாவர்ஷம் என்று இரண்டு மழைக்காலம். வானம் நம்பும்படி தெளிவது டிசம்பர் பாதிக்கு மேல்தான். துருவ நட்சத்திரத்தை வைத்து நேர் செய்ய வேண்டிய தாங்கியோடு சில டெலஸ்கோப் வரும். நாம் இருப்பது எட்டரை டிகிரி அட்சரேகையில். துருவம் இங்கே அடிவானத்திலிருந்து எட்டரை டிகிரி உயரத்தில்தான் இருக்கும், தென்னந்தலைக்குப் பின்னால் மறைந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. ஐபீஸில் திருகி மாட்டச் சொல்லி, சூரியனைப் பார்ப்பதற்கென்று சின்னக் கறுப்புக் கண்ணாடி சில பெட்டிகளில் இருக்கும். அதை அன்றைக்கே தூக்கி எறியுங்கள். குவிந்து வரும் வெயிலில் அது வெடித்தால் கண் போய்விடும். சூரியனைப் பார்க்க அது தேவையும் இல்லை. 2010 ஜனவரி 15-ல் கங்கண கிரகணம் இந்த ஊரில் தெரிந்தபோது, வேப்பமரத்தடியில் தரையெங்கும் சின்னச் சின்ன வளையங்கள் விழுந்து கிடந்தன. ஒவ்வொன்றும் இலை இடுக்கு வழியே விழுந்த சூரியனின் உருவம். எங்கள் தெருப் பிள்ளைகள் கண்ணை உயர்த்தாமலே கிரகணம் பார்த்தார்கள்.

அப்படியானால் வானத்தில் ஆசை உள்ள பிள்ளை என்ன கேட்பது? பைனாக்குலர் கேளுங்கள். என் பதில் எப்போதும் அதுதான், அதற்கு என் வாழ்க்கையே காரணம். எனக்குப் பதின்மூன்று வயதில் கப்பலில் வேலை பார்த்த பெரியப்பா ஒரு பழைய 7×50 கொடுத்தார். ஏழு மடங்கு பெரிதாக்கும், லென்ஸ் ஐம்பது மில்லிமீட்டர் என்று அர்த்தம். முதல் ராத்திரி கார்த்திகையைப் பார்த்தேன். வெறும் கண்ணுக்கு ஆறாகத் தெரிந்த இடத்தில் நீலப்பொடி தூவினதுபோல் எத்தனையோ நட்சத்திரங்கள். "பெரியப்பா, ஆறுன்னு சொன்னீங்களே!" என்று கத்தினேன். நான் பௌதிகம் படித்ததும், முப்பது வருஷமாகச் சொல்லிக்கொடுப்பதும் அந்த ராத்திரியில் தொடங்கியது.

பைனாக்குலரில் நிலாவின் பள்ளங்கள் தெரியும். கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிப் பிடித்தால், 1610-ல் கலிலியோ கண்ட வியாழனின் நிலாக்களும் புள்ளிகளாகத் தெரியும். மிருகசீரிடத்துக்குக் கீழே ஒரு மேகத் துண்டு, சித்திரை வைகாசியில் தெற்கே ஒமேகா சென்டாரி என்கிற நட்சத்திரக் கூட்டம் எல்லாம் கிடைக்கும். தெற்கு வானம் இவ்வளவு தெரிவது நமக்குள்ள கொடுப்பினை, வடக்கத்தி ஊர்க்காரர்களுக்கு அது வாய்க்காது. மழை நாளிலும் பைனாக்குலர் சும்மா கிடக்காது. புஞ்சக்கரி வயலிலும் வெள்ளாயணிக் காயலிலும் பறவை பார்க்கலாம். பத்து மடங்குக்கு மேல் மட்டும் வாங்காதீர்கள், கை நடுக்கம் காட்டிக்கொடுக்கும். ஒரு வருஷம் அதை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கிட்டத்துல பாக்கணும்" என்று பிள்ளையே கேட்டால் அப்போது டெலஸ்கோப் வாங்குங்கள். அதுவும் தரையில் ஆடாமல் உட்காரும் ஆறங்குலக் கண்ணாடி டாப்சோனியன் போதும். அதுவரை பாளையத்தில் பிரியதர்சினி கோளரங்கம் இருக்கிறது. 1962-லிருந்து இயங்கும் சாஸ்திர சாஹித்ய பரிஷத் என்கிற அறிவியல் இயக்கத்தார் கிரகணம் போன்ற நாட்களில் ஜனங்களுக்கு வானம் காட்டுவார்கள், போய்ப் பாருங்கள்.

பிள்ளைக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் இதே யோசனை எல்லாப் பரிசுக்கும் செல்லும். பட்டியல் எழுதுவதற்கு முன் ஒரு வாரம், யாரும் சொல்லாமல் நீங்களாகச் செய்தது என்ன என்று தினமும் ஒரு வரி குறித்து வையுங்கள். வரைந்தீர்களா, பாடினீர்களா, ரேடியோவைப் பிரித்தீர்களா, பூனைக்குச் சோறு வைத்தீர்களா? ஏழு நாளில் நாலு நாள் வந்தது எதுவோ, அதற்கு வேண்டியதை முதலில் எழுதுங்கள். பிறகு, கேட்கும் சாமானை முதலில் ஒரு நாள் இரவல் வாங்கிப் பாருங்கள். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லையா? அது உங்களுக்கானது. கடைசியாக, அது வந்த பிறகு இன்னும் என்ன வேண்டும் என்று யோசியுங்கள். சொல்லித்தர ஆள், வைக்க இடம், தினம் ஒரு மணி நேரம். இவை இல்லாவிட்டால் பட்டியலில் அதை மூன்றாவதாகத் தள்ளுங்கள். பஸ் வரையும் பையனின் பட்டியலை இப்படித்தான் மாற்றி எழுதினோம். இப்போது முதல் வரியில் நல்ல கெட்டித் தாள் நோட்டும் வாட்டர் கலரும் இருக்கின்றன.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பட்டியலைப் பார்த்து உங்கள் பிள்ளையின் பட்டியலைத் திருத்தாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கை இருக்கிறது, ஒரு வாட்டம் இருக்கிறது. அது தெரிய நாளாகும். பொறுமைக்குப் பலன் உண்டு என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1837-ல் சுவாதித் திருநாள் வான ஆய்வகம் கட்டினார், ஜான் கால்டிகாட் அதன் பொறுப்பை ஏற்றார். 1852-ல் அவருக்குப் பின் வந்த ஜான் ஆலன் பிரௌன், பூமியின் காந்த ஊசி எப்படி அசைகிறது என்று வருஷக்கணக்காக அளந்து குறிக்க வைத்தார். அகத்தியர் மலை உச்சியிலும் ஓர் ஆய்வகம் அமைத்தார். மழையிலும் குளிரிலும் உட்கார்ந்து ஊசியைப் பார்த்து எண்ணை எழுதியவர்கள் நம் ஊர் உதவியாளர்கள். அந்தக் குறிப்புகள் 1874-ல்தான் அச்சேறின. பூமியின் காந்த நடுக்கோடு இந்த ஊருக்குப் பக்கத்தில் போகிறது என்பதால்தான் நூறு வருஷத்துக்குப் பிறகு ராக்கெட் ஏவத் தும்பாவைத் தேர்ந்தார்கள். விஞ்ஞானம் என்று நாம் பெருமைப்படுவதெல்லாம், ஒரே வேலையைச் சலிக்காமல் செய்த கைகள் கொடுத்தது. பிள்ளையிடம் அந்தப் பொறுமை எந்த வேலையில் தானாக வருகிறது என்று பாருங்கள். அதற்குப் பரிசு கொடுங்கள்.

டெலஸ்கோப் எழுதிய ஆறு பேருக்கும் இந்த லீவுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். நீங்களும் செய்யலாம். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கிழக்கே பாருங்கள். கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம், திருவாதிரை வரிசையாக நிற்கும். உங்கள் ஜென்ம நட்சத்திரம் அதில் இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து மணிக்கு மேல் தெற்கே திரும்புங்கள். தாழ்வாக, வெள்ளையாக, தனியாக ஒன்று நிற்கும். வானத்தில் சிரியஸுக்கு அடுத்த பிரகாசம் அதற்குத்தான். அது அகத்தியர் நட்சத்திரம். அதைப் பார்க்க எதுவும் வாங்க வேண்டாம்.