மாடுகளின் சுகநிலையை அறியும் வகை

கடன்பட்டு எருது வாங்கிய குடியானவனுக்கு அவ்வெருதே மூலதனம். உழவுக் காலத்தில் அது படுத்துவிட்டால் அவ்வருஷத்து மகசூல் கெடும். சங்கத்திற்குச் செலுத்தவேண்டிய தவணையும் நின்றுபோம். ஆதலின் மாட்டின் சுகநிலையைப் பார்த்தறிதல் ஒவ்வோர் அங்கத்தினரும் கற்கத்தக்க பாடமாகும். கொடிய மிருகங்களுக்கு இரையாகக்கூடிய சாதியாதலால், மாடு தன் நோவை எளிதில் வெளிக்காட்டாது. அது தீனியை அடியோடு விடும்போது நோய் முற்றியிருப்பதும் உண்டு.

தூரத்தில் நின்று பார்த்தல்.— மாட்டைத் தொடுமுன் சற்று விலகி நின்று கவனிக்கவேண்டும். சுகமான மாடு காதுகளை அசைக்கும். ஈயை வாலால் ஓட்டும். மூக்கு நுனி ஈரமாயிருக்கும். நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 முதல் 8 மணி நேரம் அசைபோடும். அசைபோடுதல் குறைதல், பல்லை நறநறவென்று கடித்தல், முதுகைக் கூனி நிற்றல், மந்தையை விட்டு ஒதுங்குதல், ஒரு காலுக்குப் பாரம் கொடாமை ஆகியவை நோவின் குறிகள்.

கிட்டச் சென்று சோதித்தல்.— இடப்புறத்து வயிற்றுக் குழியில் கைமுட்டியை வைத்து அழுத்தினால், இரண்டு நிமிஷத்தில் இரண்டு மூன்று முறை பெருவயிறு புரளுதல் தெரியும். புரளாவிடின் செரிமானம் கெட்டதென்று கொள்க. கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே படியவேண்டும்; மெதுவாகப் படிந்தால் உடலில் நீர் குறைந்துள்ளது. ஆசனவாயில் உஷ்ணமானி வைத்துப் பார்க்கையில் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருப்பது இயல்பு. நுகத்தடி படும் இடத்தைத் தினமும் தடவிப் பார்த்தல் நலம். தோல் தடித்துச் சூடாயிருந்தால் புண்ணாகுமுன் ஓய்வு கொடுக்கலாம்.

வேலையின் அளவு.— நோயில்லாமை மட்டும் சுகமாகாது. 1960ஆம் வருஷத்துப் பிராணிவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1965இல் ஏற்பட்ட விதிகள் இதற்கு அளவு கூறுகின்றன. வண்டி இழுக்கும் மாட்டை ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்திற்கு மேலும், இடைவிடாமல் 5 மணி நேரத்திற்கு மேலும் வேலை வாங்கலாகாது. வெப்பம் 37 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணி வரை வண்டியில் பூட்டலாகாது. முள் பதித்த தாற்றுக்கோலும் விலக்கப்பட்டுள்ளது.

ஐந்து கேள்விகள்.— இங்கிலாந்தில் 1965இல் பிராம்பெல் என்னும் பேராசிரியர் தலைமையிலான குழு தந்த அறிக்கையிலிருந்து வளர்ந்த முறையொன்று இன்று பல தேசங்களிலும் வழங்குகிறது. அதன் சாரம் ஐந்து கேள்விகளாகும்:

1. பசியும் தாகமும் இன்றி இருக்கிறதா?
2. படுக்க உலர்ந்த இடமும், ஒதுங்க நிழலும் உண்டா?
3. வலி, காயம், பிணி நீங்கியிருக்கிறதா?
4. தன் இனத்தோடு கூடி இயல்பாய் நடமாட முடிகிறதா?
5. அச்சமும் துன்பமுமின்றி இருக்கிறதா?

ஐந்தாவதற்கு விடை காண்பது எளிது. எஜமான் கையை ஓங்காமல் கிட்டச் செல்லும்போது மாடு பின்வாங்கி மிரளுமாயின், அது முன்பு அடிபட்டிருத்தல் கூடும்.

காலையில் தொழுவத்தைக் கூட்டுமுன் இவற்றைப் பார்க்கச் சில நிமிஷங்களே ஆகும். கண்டதை ஒரு சிறு புத்தகத்தில் தேதியிட்டுக் குறித்துவந்தால், கால்நடை வைத்தியர் வரும்போது நோய் எந்நாள் தொடங்கிற்று என்று திட்டமாகச் சொல்லலாம். காலத்தில் சொன்ன அச்செய்தியே பலமுறை மாட்டின் உயிரைக் காக்கும்.