டீச்சரம்மா போடும் கைக்காசு வரியில் கழியுமா?



கீழ்பென்னாத்தூர் கூட்டத்தில் நம் உறுப்பினர் அக்கா ஒருவர் கேட்டார்: "என் மக அரசுப் பள்ளிக்கூடத்துல டீச்சர். சார்ட்டு, ஸ்கெட்ச் பேனான்னு மாசம் 500 ரூபா கைக்காசு போயிடுது. வருமான வரியில இதைக் கழிச்சுக்க முடியாதா?"

நல்ல கேள்வி. சேர்ந்து தெரிந்துகொள்வோம்.

நம் நாட்டில் இதற்கெனத் தனிக் கழிவு கிடையாது. சம்பளம் வாங்கும் எல்லோருக்கும் பொதுவான நிலைக்கழிவுதான் உண்டு. பழைய வரி முறையில் 50,000 ரூபாய், புதிய முறையில் 75,000 ரூபாய். இதற்கு ரசீது வேண்டாம். ஆனால் வகுப்புக்குச் செலவு செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே தொகைதான்.

அமெரிக்காவில் 2002 முதல் ஆசிரியர்களுக்கு இப்படி ஒரு கழிவு உண்டு. முதலில் 250 டாலர் வரை இருந்தது. 2022-ல் அது 300 டாலராக உயர்ந்தது.

இங்கேயும் அப்படி வந்தால் போதுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 500 என்றால் வருடத்துக்கு 6,000 ரூபாய். 20 சதவீதம் வரி கட்டுபவருக்கு மிச்சமாவது 1,200 ரூபாய்தான். மீதி 4,800 அவர் கையை விட்டுப் போனதுதான். வரியே கட்டத் தேவையில்லாத இளம் ஆசிரியைக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமில்லை. கழிவு என்பது செலவைத் திருப்பித் தருவது அல்ல.

அப்போ வழி என்ன? முன்பு அனைவருக்கும் கல்வி இயக்கத்தில், கற்பிக்கும் பொருள் செய்ய ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் மானியம் இருந்தது. 2018-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி பள்ளிக்கு மொத்த மானியம் என்று வைத்தார்கள். கற்பிக்கும் பொருளும் அதில் வாங்கலாம்.

அந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது பள்ளி மேலாண்மைக் குழுவின் வேலை. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அதாவது நாம்தான்!

நம் குழுவில் தீர்மான நோட்டு எழுதுகிறோம், வரவு செலவு பார்க்கிறோம். அதே பழக்கத்தைப் பள்ளிக்கும் கொண்டு போவோம்.

குழுவில் பேச:
1. நம் பள்ளிக்கு இந்த வருடம் மானியம் எவ்வளவு வந்தது?
2. டீச்சர் கைக்காசில் என்னென்ன வாங்கினார்?
3. அதை அடுத்த கூட்டத் தீர்மானத்தில் எழுதச் சொன்னோமா?

நம் பிள்ளைக்காகத் தன் பணத்தைப் போடும் டீச்சருக்கு நன்றி சொல்வோம். அதோடு அந்தச் சுமையையும் குறைப்போம்.